எண்ணெய் வயல் ஓய்ந்த பிறகும் பாதிக்கு மேல் பாறையிலேயே தங்குவது ஏன்?

வணக்கம் ஐயா. பட்டர்வொர்த்திலிருந்து நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மலேசியத் தேர்வு) முடித்த உங்கள் மகள் பெட்ரோலியப் பொறியியல் படிக்க விரும்புகிறாள். "நம் நாட்டு எண்ணெய் தீரப்போகிற நேரத்தில் இதைப் போய்ப் படிப்பதா?" என்று உங்கள் தம்பி தடுக்கிறார். "எங்கே தீர்ந்தது சித்தப்பா? பாதிக்கு மேல் உள்ளேயே கிடக்கிறது, தண்ணீரோ வாயுவோ செலுத்தி எடுக்கலாம்" என்று அவள் வாதாடுகிறாள். தண்ணீர் செலுத்தினால் எண்ணெய் எப்படி வரும், வருமென்றால் ஏன் முழுதும் எடுப்பதில்லை, பூமி அதிராதா என்று மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: உள்ளே தங்கிவிட்ட அந்த எண்ணெய் எடுக்காமல் விட்டதா, எடுக்கவே முடியாததா? நான் கோலாலம்பூரில் ரிசர்வாயர் பொறியாளராக, அதாவது எண்ணெய் தங்கியிருக்கும் பாறையை ஆராய்பவனாக, இருக்கிறேன். பாறை மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, பிறகு மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கடல் வயல்களுக்குத் திட்டமிடும் வேலைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவை மணற்பாறை வயல்கள். சரவாக் கடலின் சுண்ணாம்புப் பாறைகள் என் அனுபவத்துக்கு வெளியே இருப்பவை. ஆகவே கீழே பாறை என்று சொல்லும் இடத்தில் மணற்பாறை என்றே கொள்ளுங்கள்.

மகள் சொன்ன கணக்கு சரி. உலக வயல்களைச் சராசரியாகப் பார்த்தால், பாறையில் உள்ள எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. வயலுக்கு வயல் இது பெரிதும் மாறும். 10 விழுக்காட்டோடு நின்றுபோனவை உண்டு, 60-ஐத் தாண்டியவையும் உண்டு. காரணம் புரிய, எண்ணெய் எங்கே இருக்கிறது என்பதை முதலில் சரியாக மனத்தில் வாங்க வேண்டும். பூமிக்கடியில் எண்ணெய் ஏரியும் இல்லை, குளமும் இல்லை. கையில் எடுத்தால் சாதாரணக் கல்லாகத் தெரியும் மணற்பாறைக்குள், மணலுக்கும் மணலுக்கும் நடுவிலுள்ள இடுக்குகளில்தான் எண்ணெய் இருக்கிறது. நல்ல பாறையில் மொத்தக் கன அளவில் 15 முதல் 30 விழுக்காடு வரை இந்த இடுக்குகள். அவற்றை இணைக்கும் கழுத்துகள் சில மைக்ரானிலிருந்து (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சில பத்து மைக்ரான் வரை அகலம். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கும் எண்ணெய் தனியாக இல்லை. எண்ணெய் வந்து சேர்வதற்கு முன்பே அங்கிருந்த உப்புத் தண்ணீர் இன்னும் மணலை ஒட்டியபடி இருக்கிறது. பிரான்சின் திஜோன் நகரக் குடிநீருக்காக மணல் வடிகட்டிகளை ஆராய்ந்த ஹென்றி டார்சி 1856-இல் வெளியிட்ட விதிதான் இன்றும் எங்கள் கணக்குகளுக்கு அடித்தளம். அதன் இன்றைய வடிவம் சொல்வது இது: அழுத்த வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும், திரவம் பிசுபிசுப்பாக இருந்தால் குறையும், மீதி பாறை எவ்வளவு வழிவிடுகிறது என்பதைப் பொறுத்தது.

ஆகவே எண்ணெய் வெளியே வர ஒரு தள்ளுவிசை வேண்டும். தொடக்கத்தில் அதை இயற்கையே தருகிறது. சில வயல்களில் எண்ணெய்க்குக் கீழே தண்ணீர் நிறைந்த பெரிய பாறை இருந்து, எண்ணெய் குறையக் குறைய அந்தத் தண்ணீர் ஏறி வந்து இடத்தை நிரப்பும். சிலவற்றில் எண்ணெய்க்கு மேலே வாயு இருந்து விரிந்து தள்ளும். இரண்டுமே வலுவாக இல்லாத இடத்தில் எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுதான் ஒரே துணை, அது நம்ப முடியாத துணை. அழுத்தம் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கியதும், சோடாவைத் திறந்ததும் குமிழி கிளம்புவதற்கு என்ன காரணமோ அதே காரணத்தால் எண்ணெயிலிருந்து வாயு பிரியும். பிரிந்த வாயு எண்ணெயைவிடப் பல மடங்கு எளிதாக ஓடுவதால் கிணற்றுக்குள் முதலில் அதுதான் வந்து சேரும். வாயுவை இழந்த எண்ணெய் கெட்டியாகி இன்னும் மெதுவாக நகரும். தள்ளும் சக்தி வெளியேறிவிடும், தள்ள வேண்டிய சுமை கூடிவிடும். இப்படிக் கைவிடப்பட்ட வயல்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய் உள்ளேயே தங்கியது உண்டு.

தண்ணீர் செலுத்துவது இந்த நிலையைத் தடுக்கத்தான். இது எங்கும் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிராட்ஃபர்ட் வயலில், பழுதான பழைய கிணறுகள் வழியாக மேலடுக்குத் தண்ணீர் எண்ணெய்ப் பாறைக்குள் கசிந்தது. சுற்றிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கூடியது. இது எண்ணெய்க்கு நன்மை செய்யலாம் என்று ஜான் கார்ல் என்ற நிலவியலாளர் 1880-இலேயே எழுதினார். ஆனால் தண்ணீரை உள்ளே விடுவது அந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றம். 1921-இல்தான் அனுமதி வந்தது, அதன் பிறகு 1930-களில் அந்தக் கிழட்டு வயல் இரண்டாவது முறையாக உச்சம் தொட்டது. தண்ணீர் அங்கே இரண்டு வேலைகளைச் செய்கிறது. எடுத்த எண்ணெயின் இடத்தை நிரப்பி அழுத்தத்தைக் காக்கிறது; செலுத்து கிணற்றிலிருந்து உற்பத்திக் கிணறு வரை எண்ணெயை முன்னால் தள்ளிக்கொண்டும் போகிறது. எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மேலே ஒரு பீப்பாயாக அளக்கும் எண்ணெய், வாயு கரைந்த நிலையில் கீழே 1.3 பீப்பாய் இடத்தை அடைத்திருக்கலாம். அந்த 1.3 பீப்பாயையும், கூடவே வந்த தண்ணீரின் இடத்தையும் திருப்பி நிரப்ப வேண்டும். கிணறு தளர்ந்த பிறகு தண்ணீர் விடலாம் என்று காத்திருப்பது தவறு. வாயு பிரியும் அந்த எல்லையை அழுத்தம் தொடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். வயதான காலத்து வைத்தியமாகப் பலர் நினைக்கும் இதை, இன்று நல்ல வயல்களில் முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறார்கள்.

"கடல் தண்ணீர்தானே, அள்ளி விட வேண்டியதுதானே" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவாக மதிப்பிடுவது இதைத்தான். கடல்நீரில் மணலும் நுண்ணுயிர்களும் மிதக்கின்றன. வடிகட்டாமல் விட்டால் செலுத்து கிணற்றின் வாயே அடைத்துப்போகும். அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் எஃகுக் குழாயைத் தின்றுவிடும். எனவே வெற்றிடக் கோபுரம் வழியாக ஆக்சிஜனை இழுத்தெடுத்து, மிச்சத்தை வேதிப்பொருளால் பிடித்து, நூறு கோடிப் பங்கில் சில பத்துப் பங்கு அளவுக்குக் கீழே கொண்டுவருகிறோம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2700 மில்லிகிராம் சல்ஃபேட் இருக்கிறது. பாறையில் உள்ள பழைய நீரில் பேரியம் இருந்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பேரியம் சல்ஃபேட் கல்லாகப் படியும். அமிலம் ஊற்றினாலும் எளிதில் கரையாத கல் அது. உற்பத்திக் கிணற்றுக் குழாய்க்குள் படிந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதே சல்ஃபேட்டை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் பாறைக்குள் பெருகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். முட்டை அழுகிய வாடையடிக்கும் இந்த நச்சு வாயு, தூய்மையாகத் தொடங்கிய வயலையே சில ஆண்டுகளில் கெடுத்துவிடும். கடல்நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை செய்பவர்களின் உயிருக்கும் ஆபத்து. இவற்றுக்கெல்லாம் வழிகள் இருக்கின்றன. சல்ஃபேட்டை முன்பே பிரித்தெடுக்கும் சவ்வு வடிகட்டிகள், நைட்ரேட் சேர்ப்பது, கிருமிக்கொல்லி மருந்துகள் என்று வழக்கத்தில் உள்ளவை பல. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு எந்திரம், ஒவ்வொரு எந்திரத்துக்கும் மேடையில் இடம் வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய மேடையில் அந்த இடமும் அந்தச் சுமையைத் தாங்கும் வலுவும் பெரும்பாலும் மிச்சமில்லை.

சரி, தண்ணீரை ஒழுங்காகச் செலுத்தியாயிற்று. ஏன் இன்னும் பாதிக்கு மேல் தங்குகிறது? உங்கள் கேள்வியின் மையம் இதுதான். தங்கும் எண்ணெய் ஒரே வகையானதல்ல. தண்ணீர் போய்ச் சேராத இடத்தில் தங்குவது ஒரு வகை. தண்ணீர் கழுவிச் சென்ற இடத்திலேயே பிடிபட்டு நிற்பது இன்னொரு வகை. முதல் வகைக்குக் காரணம் பாறையின் ஏற்றத்தாழ்வு. நம் கடல் வயல்கள் பழங்கால ஆறுகளும் கடலோரமும் படியவைத்த அடுக்குகள். கைப்பிடி உயரத்துக்குள் நல்ல மணலும் களிமண்ணும் மாறி மாறி வரும். செபராங் பிறையிலும் கெடாவிலும் நெல் வயலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வரப்பில் ஒரு எலி வளை இருந்தால், பாய்ச்சிய தண்ணீர் பயிரைத் தேடிப் போகாது, வளையைத்தான் தேடிப் போகும். பாறையிலும் நன்றாக வழிவிடும் மெல்லிய அடுக்கு ஒன்று இருந்தால், தண்ணீர் அதன் வழியே ஓடி உற்பத்திக் கிணற்றை எட்டிவிடும். ஒருமுறை எட்டிவிட்டால் பிறகு செலுத்துவதெல்லாம் அதே பாதையில்தான் போகும், மேலும் கீழும் உள்ள அடுக்குகளில் எண்ணெய் அசையாமல் நிற்கும். எண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் முகப்பு நேராக நகராமல் விரல் விரலாக எண்ணெயைக் குத்திக்கொண்டு முன்னே ஓடும்.

இரண்டாம் வகைக்குக் காரணம் நுண்புழை விசை. எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் பரப்பில் ஒரு இழுவிசை இருக்கிறது, பெரும்பாலும் மீட்டருக்கு 20 முதல் 30 மில்லிநியூட்டன். பெரிய பாத்திரத்தில் இது ஒன்றுமே இல்லை. சில மைக்ரான் அகலமுள்ள கழுத்தில் இதுவே பெரிய விசை. தண்ணீர் கழுத்துகளைச் சுற்றி வளைத்ததும் எண்ணெய் தொடர்பு அறுந்து துளிகளாகும். துளி அடுத்த கழுத்தில் நுழைய உருக்குலைய வேண்டும், அதற்கு வேண்டிய அழுத்தத்தைச் சாதாரணத் தண்ணீர் ஓட்டம் தருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் கட்டைவிரல் தடிமனுள்ள பாறைத் துண்டு வழியாகத் தண்ணீரை எத்தனை நேரம் செலுத்தினாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒரு சொட்டு எண்ணெய்கூட வெளியே வராது. பாறையை உடைத்து ஆராய்ந்தால் இடுக்குகளில் 20 முதல் 35 விழுக்காடு எண்ணெய் நிற்கும். இப்போது இரண்டு வகையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தொடக்கத்தில் இடுக்கில் 75 விழுக்காடு எண்ணெய், கழுவிய பின் 30 என்றால், தண்ணீர் தொட்ட இடத்தில் கிடைத்தது 60 விழுக்காடு. தண்ணீர் தொட்டதே பாறையில் 60 விழுக்காடு என்றால், 0.6-ஐ 0.6-ஆல் பெருக்குங்கள்: 0.36. உலகச் சராசரியாகச் சொன்ன மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் வருகிறது. யாருடைய அலட்சியமும் இல்லாமலே வந்துவிடும் எண் அது.

இதிலிருந்து நான் உறுதியாகச் சொல்வது ஒன்று உண்டு. எதைச் செலுத்தலாம் என்று யோசிப்பதற்கு முன், தங்கியிருப்பது எந்த வகை எண்ணெய் என்று தெரிய வேண்டும். விலை உயர்ந்த வேதிப்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு வயலைத் தேடுகிற போக்கை இந்தத் துறையில் நிறையப் பார்க்கிறேன். அது தலைகீழ் வழி. தண்ணீர் போகாத அடுக்கில் எண்ணெய் நிற்கிறது என்றால், எந்த மருந்து கலந்த தண்ணீரும் அதே எலி வளை வழியாகத்தான் ஓடும். அங்கே தேவை, இரு கிணறுகளுக்கு நடுவே புதிதாக ஒரு கிணறு, அல்லது தண்ணீர் குடிக்கும் அடுக்கை அடைத்துவிடுவது, அல்லது செலுத்தும் இடத்தை மாற்றுவது. இதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் இருக்கின்றன. செலுத்தும் தண்ணீரில் அடையாளப் பொருள் கலந்து எந்தக் கிணற்றில் எத்தனை மாதத்தில் வெளிவருகிறது என்று பார்க்கிறோம். கிணற்றுக்குள் கருவி இறக்கி எந்த அடுக்கிலிருந்து தண்ணீர் வருகிறது என்று அளக்கிறோம். சில ஆண்டு இடைவெளியில் அதே கடல்பரப்பில் நில அதிர்வுப் படம் எடுத்து, தண்ணீர் எங்கே நகர்ந்தது என்று ஒப்பிடுகிறோம். பாறைக்குள் நடப்பதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், இந்த எல்லாச் சான்றும் ஒன்றையே சொல்கிறதா என்று பொறுமையாகச் சரிபார்ப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

இரண்டாம் வகைதான் பெரிது என்று தெரிந்தால், இழுவிசையை உடைக்க வேண்டும். சோப்பு வகைப் பொருள்களைக் கலந்தால் அது பத்தாயிரத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும், துளிகள் மீண்டும் நகரும். இது ஆய்வுக்கூடத்தில் ஐயமில்லாமல் நடப்பது. வயலில் சிக்கல் என்னவென்றால், அந்தப் பொருளின் ஒரு பகுதி பாறையிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகிறது. வெப்பமும் உப்பும் அதைக் கெடுக்கின்றன. நம் கிழக்குக் கடலுக்கு அடியிலுள்ள மலாய்ப் படுகை உலகின் சூடான படுகைகளில் ஒன்று. இரண்டு, இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்திலேயே 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பாறைகள் இங்கே உண்டு. சீனாவின் தாச்சிங் வயலில் 1996 முதல் பெரிய அளவில் பாலிமர் கலந்த தண்ணீரைச் செலுத்துகிறார்கள். பாலிமர் தண்ணீரைக் கெட்டியாக்கி விரல்விடுவதைத் தடுக்கிறது, அங்கே பத்து விழுக்காட்டு அளவில் கூடுதல் எண்ணெயும் கிடைத்தது. ஆனால் தாச்சிங் பாறையின் வெப்பம் சுமார் 45 டிகிரிதான், அங்குள்ள நீரில் உப்பும் குறைவு. அந்த வெற்றியை அப்படியே திரங்கானு கடலுக்குக் கொண்டுவர முடியாது. மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் டூரி வயலில் 1985 முதல் நீராவி செலுத்துகிறார்கள், உலகின் மிகப் பெரிய நீராவித் திட்டங்களில் ஒன்று அது. அங்கே எண்ணெய் கெட்டி, ஆழம் குறைவு, அதனால் சூடாக்கி இளக்குவது பொருந்தியது. நம் எண்ணெய் ஏற்கெனவே இளகியது. திரங்கானு கடலில் கிடைக்கும் தாப்பிஸ் எண்ணெய் உலகச் சந்தையில் மிக இலேசான, கந்தகம் குறைந்த வகைகளில் ஒன்று. அதற்கு நீராவி தேவையே இல்லை.

நம் கடலுக்குப் பொருந்தியது வாயு. இலேசான எண்ணெயோடு, போதிய அழுத்தத்தில், கரியமில வாயுவோ இயற்கை வாயுவோ கலந்து ஒன்றாகிவிடும் அல்லது ஒன்றாகும் நிலைக்கு நெருங்கும். இரண்டுக்கும் நடுவே பரப்பே இல்லை என்றால் இழுவிசை ஏது? முழுதாகக் கலக்காத இடத்திலும் வாயு கரைந்து எண்ணெய் உப்பும், இளகும். டெக்சஸில் சாக்ராக் என்ற வயலில் 1972-இல் கரியமில வாயுவைப் பெரிய அளவில் செலுத்தத் தொடங்கினார்கள். கனடாவின் வெய்பர்ன் வயலுக்கு 2000 முதல், அமெரிக்காவில் நிலக்கரியிலிருந்து வாயு எடுக்கும் ஆலையின் கழிவுக் கரியமில வாயு, சுமார் 320 கி.மீ. குழாய் வழியாகப் போகிறது. வாயுவின் குறை அதன் இலேசு. அது மேலடுக்கில் ஏறிக்கொண்டு ஓடிவிடும், தண்ணீரோ கீழடுக்கில் இறங்கிவிடும். இரண்டையும் மாறி மாறிச் செலுத்தினால் ஒன்று விட்டதை மற்றது கொஞ்சம் பிடிக்கும். தொழிலில் இதை வேக் என்பார்கள். திரங்கானுக் கரையிலிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவில், 1969-இல் கண்டுபிடிக்கப்பட்ட தாப்பிஸ் வயலில் 2014-இல் தொடங்கிய மீட்புத் திட்டம் இந்த முறைதான். கெர்த்தேயிலிருந்து ஹெலிகாப்டரில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலர் இந்த எந்திரங்களைத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

இதுவரை சொன்னவை அனுபவத்தில் நிலைபெற்றவை. ஐயத்துக்குரியவையும் உண்டு, அவற்றை மகள் இணையத்தில் நிச்சயம் படித்திருப்பாள். உப்பு குறைந்த தண்ணீரைச் செலுத்தினால் கூடுதல் எண்ணெய் வருகிறது என்று பல சோதனைகள் காட்டுகின்றன. பிரிட்டனின் ஷெட்லண்ட் தீவுகளுக்கு மேற்கே உள்ள கிளேர் ரிட்ஜ் மேடையே அதற்கான எந்திரங்களோடு கட்டப்பட்டது. ஆனால் ஏன் வருகிறது என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை, ஒரே வகைப் பாறையில் ஒன்றில் வேலை செய்து மற்றொன்றில் செய்யாமல் போகிறது. நுண்ணுயிர்களை வளர்த்து எண்ணெயை விடுவிப்பது, நானோ துகள்கள் கலப்பது ஆகியவை ஆய்வுக்கூடத்தில் நல்ல முடிவு தந்தாலும், பெரிய வயலில் நம்பி முதலீடு செய்யும் நிலைக்கு வரவில்லை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கைவிரல் அளவுப் பாறைத் துண்டில் 90 விழுக்காடு கிடைத்தது என்ற கட்டுரையைப் பார்த்தால், அது தொட்ட இடத்துக் கணக்கு மட்டுமே. அதை எத்தனை விழுக்காட்டுப் பாறை தொடப்படும் என்பதால் பெருக்கிய பிறகே வயலுக்கான எண் வரும்.

பூமி அதிருமா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதிரக்கூடும், எப்போது என்பதும் நன்றாகத் தெரியும். கொலராடோவின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் 1969 முதல் 1973 வரை, தண்ணீர் செலுத்தும் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் சிறு நிலநடுக்கங்களை வரவழைத்தும் நிறுத்தியும் காட்டினார்கள். ஏற்கெனவே விரிசல் உள்ள பாறையில் நீரழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால், இரு பக்கங்களும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. ஓக்லஹோமாவில் 2016-இல் பாவ்னி அருகே 5.8 அளவிலான நிலநடுக்கம் வந்தது. அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது எண்ணெயை மீட்கச் செலுத்திய தண்ணீர் அல்ல, எண்ணெயோடு வந்த கழிவுநீரைப் பெருமளவில் ஆழத்தில் கொட்டியது. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. மீட்புக்காகச் செலுத்தும்போது பக்கத்திலேயே எடுத்துக்கொண்டும் இருப்பதால் மொத்த அழுத்தம் பெரிதாக ஏறுவதில்லை. கொட்டும்போது ஏறிக்கொண்டே போகிறது. செலுத்தாமல் இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. கலிஃபோர்னியாவின் வில்மிங்டன் வயலில் எண்ணெயை மட்டும் எடுத்ததால் லாங் பீச் துறைமுகப் பகுதி சுமார் 9 மீட்டர் அமிழ்ந்தது. 1950-களின் இறுதியில் பெரிய அளவில் தண்ணீர் செலுத்தத் தொடங்கிய பிறகுதான் அது நின்றது. நார்வேயின் எக்கோஃபிஸ்க் வயலிலோ கடல் தரை அமிழ்ந்து, 1987-இல் மேடைகளையே 6 மீட்டர் உயர்த்த வேண்டியிருந்தது. அது சுண்ணப் பாறை என்பதால், செலுத்திய தண்ணீரே பாறையின் வலுவைக் குறைத்து, அமிழ்வது உடனே நிற்கவில்லை. எண்ணெய் மட்டும் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகக் கிடைத்தது. பாறையைத் தெரிந்துகொள்ளாமல் பொதுவாகப் பாதுகாப்பானது என்றோ ஆபத்தானது என்றோ சொல்ல முடியாது என்பதற்கு இந்த இரண்டு வயல்களே போதும்.

இனி உங்கள் தம்பியின் பக்கம். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தங்கிய எண்ணெய் இருக்கிறது என்பது வேறு, எடுத்தால் கட்டுப்படியாகும் என்பது வேறு. நிலத்தில் என்றால் நெருக்கமாகக் கிணறு தோண்டலாம். டெக்சஸ் வயல்களில் அதைத்தான் செய்கிறார்கள். கடலில் ஒரு மேடையில் கிணறுகளுக்கான துளைகள் எண்ணி வைத்தவை, ஒவ்வொரு புதுக் கிணறும் பெரும் செலவு. சரவாக்கின் பாரம் டெல்டா வயல்களில் மீட்பு அளவைச் சராசரி 36 விழுக்காட்டிலிருந்து 50-க்கு உயர்த்தும் நோக்கத்தோடு ஒப்பந்தம் போடப்பட்டது. 2014-இல் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் விலை 2016 தொடக்கத்தில் முப்பதுக்குக் கீழே விழுந்தது, அந்த ஆண்டே வெளிநாட்டுக் கூட்டாளி விலகிக்கொண்டார். பாறை மாறவில்லை, விலைதான் மாறியது. காலமும் ஒரு எதிரி. உற்பத்தி குறைந்து, வருவதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீராகிவிட்ட வயலில் மேடையைப் பராமரிக்கும் செலவு மட்டும் குறையாது. ஒரு கட்டத்தில் கிணறுகளைச் சிமென்ட் வைத்து அடைத்து மேடையைக் கழற்றிவிடுவார்கள். அதன் பிறகு அந்த மிச்ச எண்ணெய்க்காகப் புதிதாக ஒரு மேடை கட்டுவது பெரும்பாலும் நடவாத காரியம். ஆகவே முழுவதையும் எடுப்பது எந்த வயலிலும் நடக்காது. 36 விழுக்காட்டை 45 ஆக்குவதே பெரிய சாதனை, அந்த ஒன்பது விழுக்காடு ஒரு புது வயலைக் கண்டுபிடித்ததற்குச் சமமாக இருக்கலாம்.

படிப்பைப் பொறுத்தவரை, எண்ணெய் விலையை நம்பி நான் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்லக்கூடியது, இந்தக் கல்வியின் உள்ளடக்கம் பற்றி. நுண்துளைப் பாறை வழியாகத் திரவமும் வாயுவும் எப்படி நகரும் என்பதுதான் அதன் உயிர். அதே அறிவுதான் கரியமில வாயுவைப் பழைய வயல்களுக்குள் செலுத்திப் பூட்டிவைக்கவும் தேவை. சரவாக் கடலில் கசாவாரி வாயு வயலிலிருந்து பிரித்தெடுக்கும் கரியமில வாயுவை, உற்பத்தி ஓய்ந்த வயல் ஒன்றுக்குள் செலுத்தும் திட்டத்துக்கு மலேசியாவின் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் 2022-இல் இறுதி முடிவெடுத்தது. நிலத்தடி நீர், புவிவெப்ப ஆற்றல் ஆகிய துறைகளிலும் டார்சியின் விதி ஒன்றுதான். செரி இஸ்கந்தாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், ஜொகூரில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் மகளை ஒன்று மட்டும் யோசிக்கச் சொல்லுங்கள். கணிதமும் வேதியியலும் அவளுக்குப் பிடிக்கும் என்றால், பெட்ரோலியத்தை நேராக எடுக்கலாம், அல்லது வேதிப்பொறியியலோ இயந்திரப் பொறியியலோ படித்துவிட்டு முதுநிலையில் இந்தப் பக்கம் வரலாம். இரண்டாவது வழியில் வந்து நன்றாக இருப்பவர்கள் கோலாலம்பூர் அலுவலகங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள், விலை சரியும் காலத்தில் வேறு தொழிலுக்குப் போகவும் அவர்களால் முடிகிறது. எனக்கு மகள் இருந்து இந்த ஆண்டு கேட்டிருந்தால், இரண்டாவது வழியைத்தான் சொல்லியிருப்பேன்.